நாலு மணி நாற்காலி

வடகோடி விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். வடசென்னைக்காரனுக்கு இந்த ஊர் மனமிரங்கிக் கொடுத்த சலுகை என்று நான் அதை முழுசாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் எதிர் இருக்கையில் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன், இரண்டு காதிலும் ஒயர். தண்டையார்பேட்டை தாண்டும்போது திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே இல்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. பெட்டியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் போன். எந்த சீனுக்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டிருந்தால் அடுத்த பெட்டிக்கு எழுந்து போயிருப்பார். கடைசியில் என் ஸ்டேஷனை விட்டுவிட்டு, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நடக்கும்போது மூக்கில் ஸ்பிரிட் வாசனை. தப்பாக நினைக்காதீர்கள், குடிக்கிற சமாச்சாரம் இல்லை. வீடியோ டெக்கின் ஹெட்டைப் பஞ்சு வைத்துத் துடைக்கிற ஸ்பிரிட். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இருந்தாலும், அப்படி வாயை மூடிச் சிரிக்கிற பெண்ணை எங்கே பார்த்தாலும் அந்த வாசனை வந்துவிடுகிறது. ஏனென்றால் அப்படிச் சிரித்த ஒருத்தியின் சிரிப்பை நான் கெடுத்திருக்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் கெடுத்தேன்.

அப்போது என்னிடம் ஒரு பி.காம். பட்டம் இருந்தது, வேலை இல்லை. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாணிக்கம் அண்ணன் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு அறை. பெயர் கண்ட்ரோல் ரூம். மேலே மூன்று டிஷ், உள்ளே இரண்டு டெக், ஒரு பழைய கம்ப்யூட்டர், அலமாரி நிறைய கேசட், நான். ஒரே ஒரு ஃபேன் உண்டு. அது மெஷின்களைப் பார்த்துச் சுற்றும். ஒருநாள் அதை என் பக்கம் திருப்பிவைத்தேன். மாணிக்கம் அண்ணன் பழையபடி திருப்பிவிட்டு, "மிஷினு சூடாச்சின்னா ரிப்பேரு செய்ணும். நீ சூடானா மாடில போய் நின்னுக்கோ" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அறையில் என்னைவிட மெஷின்களுக்கு மதிப்பு அதிகம் என்பது எனக்கும் தெரிந்ததுதான்.

பின்னால் கூட்ஸ் யார்டு. சரக்கு வண்டி போனால் அறை முழுக்க அதிரும், டெக்கும் அதிரும், படத்தில் வெள்ளைக் கோடு ஓடும். உடனே போன் வரும். "இன்னாபா, கோடு வுயுது?" வண்டி போகிறது, அஞ்சு நிமிஷம் என்பேன். சரி என்று வைத்துவிடுவார்கள். இவ்வளவு பொறுமையான ஜனங்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

எங்கள் சொந்தச் சேனல் எட்டாம் நம்பர். காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் ஒரு பழைய படம், நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரை காமெடி. இந்த ஒரு மணி நேரம் என் ராஜ்யம். படங்களிலிருந்து காமெடியை மட்டும் பிரித்து வேறு கேசட்டில் ஏற்றி, கேட்பவர்களுக்குப் போடுவேன். போனில் கேட்கலாம், சீட்டெழுதி லைன்மேன் டில்லியிடம் கொடுக்கலாம். சீன் ஓடும்போது கீழே 'விரும்பிக் கேட்டவர்' என்று அவர்கள் பெயர் ஓடும். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் காமெடிக்காகக் கேட்கவில்லை, இந்த ஓட்டத்துக்காகக் கேட்டார்கள். தன் பெயர் ஓடுகிற டிவியை ஒருவர் கேமராவில் படம்பிடித்து, கழுவிக்கொண்டுவந்து காட்டினார். ஃபிளாஷ் அடித்ததில் டிவி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்தான் இருந்தது. அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நாலு மணி என்பது அந்தப் பக்கத்தில் ஒரு தனி நேரம். காலை ஷிஃப்ட் போனவர்கள் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுவிட்டு வந்த பெண்கள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருப்பார்கள். கேட்டோரம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடைக்காரர் வெங்காயம் பொரிக்க ஆரம்பிப்பார். சந்தோஷம் எது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்கமாட்டார்கள். தண்ணி லாரி வந்தால் சந்தோஷம் என்றிருப்பார்கள். போன கரண்ட் திரும்பி வரும்போது தெரு மொத்தமும் போடுகிற ஒரு சத்தம் உண்டே, அதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

சிரிப்பில்தான் ஒற்றுமை கிடையாது. கேட்டுக்கு இந்தப் பக்கம் லோடுமேன்கள், ஹார்பர் ஆட்கள். அவர்களுக்கு அடி விழ வேண்டும். ஒருத்தன் அடிவாங்கி, எழுந்து, மறுபடி அடிவாங்கினால் எனக்கு மாடியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸ். அவர்களுக்குப் பேச்சு வேண்டும். அடிதடி ஓடினால் வரதராஜன் சார் என்கிற ஹெட் கிளார்க் போன் செய்து, பிள்ளைகள் படிக்கிற வீடப்பா இது என்று வருத்தப்படுவார். பிரியாணிக்கடை பாய்க்குக் கெட்ட வார்த்தை இல்லாத கறுப்பு வெள்ளைதான். டில்லிக்கு எது போட்டாலும் சரி, ஆனால் ஜோக் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். எங்கள் பாஷையைப் பேசிக் கிண்டலடிக்கிற சீன்கள் வந்தால் மட்டும் யாரும் சிரிக்கமாட்டார்கள். "நம்பள மாரி பேசறான்னு நென்ச்சிகினு கீறான்" என்று ஒரு லோடுமேன் சொன்னதுதான் அந்த நடிகர்களுக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு.

எனக்கென்று ஒரு ரசனை இருந்தது, கேட்காமலா விடப்போகிறீர்கள். யாரும் சிரிக்காமல், முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நடிக்கிற காமெடிதான் உயர்ந்தது என்று நம்பினேன். பட்டதாரி அல்லவா. ஒருநாள் துணிந்து அப்படி ஒன்றைப் போட்டேன். வரிசையாகப் போன். சவுண்டு வரவில்லையாம்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் ஜெயசீலி அக்கா போன் செய்தார். தெருமுனை ஒரு ரூபாய் பூத்திலிருந்து, மூன்றே முக்காலுக்கு. அவர் கூடை மீன் விற்கிறவர் என்பது எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்கே சங்கரா மீன் கொடுத்திருக்கிறார். புருஷன் சூசைராஜ் ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், படுத்த படுக்கை. அக்கா விடியற்காலை காசிமேட்டுக்குப் போனால் வீடு திரும்ப மூன்று மணி. அதுவரை கூடவே இருந்த சூசைராஜின் அக்கா அன்னம்மா பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு துடைப்பது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் ஜெயசீலி அக்காதான்.

"நைனா, அந்த நாற்காலி காமெடி போடேன். எங்கூட்டுக்காரு பாக்கணுன்றாரு" என்றார்.

பேச்சில்லாதவர் எப்படிச் சொன்னார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாற்காலி காமெடி எது என்பதுதான் என் கவலையாக இருந்தது. தேடி எடுத்தேன். ஒன்றுமில்லாத சீன். மாப்பிள்ளைப் பையன் பெண் பார்க்க வருகிறான், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலியின் பின்கால் இரண்டும் மெதுவாக விரிந்துகொண்டே போகின்றன. பெரியவர்கள் சம்பளம் என்ன, சொந்த வீடா என்று கேட்கிறார்கள். அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை நோக்கி இறங்கியபடியே, முகத்தில் மரியாதை குறையாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறான். கடைசிவரை யாரும் எழுந்து அவனைப் பிடிப்பதில்லை. அவ்வளவுதான். அடியும் கிடையாது, பேச்சிலும் பெரிய விசேஷமில்லை. இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் பிடிக்காத சீன்.

'விரும்பிக் கேட்டவர்: சூசைராஜ்' என்று ஓட்டினேன். மறுநாளும் மூன்றே முக்காலுக்குப் போன் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு வாரத்தில் இரண்டு பக்கமிருந்தும் முணுமுணுப்பு. வரதராஜன் சார் நேரிலேயே வந்துவிட்டார். படுக்கையில் கிடக்கிற மனுஷர் சார், அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதான் என்றேன். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, அவர் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் பரவியது. லோடுமேன்களும் ஒத்துக்கொண்டார்கள். இப்படியாக இரண்டு பக்கத்து ஜனங்களும் சேர்ந்து ஒரு நோயாளிக்காக நாலு மணியில் முதல் அஞ்சு நிமிஷத்தை விட்டுக்கொடுத்தார்கள். மீன் வாங்கும்போது அக்காவிடம், நேத்து சிரித்தாரா என்று விசாரிப்பார்கள். சிரித்தார் என்பார் அக்கா. கேட்டவர்கள் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் போட்டேன். ஒரே இடத்தில் ஓடி ஓடி டேப் தேய்ந்துவிட்டது. நாற்காலி சாயும் இடத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். தினமும் ஹெட்டைத் துடைத்துவிட்டுத்தான் அந்தக் கேசட்டைப் போடுவேன். ஒரு மனுஷரைத் தினமும் சிரிக்க வைக்கிறோம் என்ற கர்வம் எனக்கு இருந்தது. வேலையில்லாத பட்டதாரியாகத் திரிந்தவனுக்கு அது பெரிய உத்தியோகம். வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். இவ்வளவு சொன்னவன், ஒருநாளாவது அந்த வீட்டுக்குப் போய் அவர் சிரிப்பதைப் பார்த்தேனா என்றால், இல்லை.

சூசைராஜ் ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். டில்லி சீட்டு கொண்டுவந்தான். எட்டாம் நம்பரில் இன்னொரு வழக்கம், சாவுச் செய்தி நாள் முழுக்க அடியில் ஓடும். எடுப்பு எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறை, எல்லாம் வரும். சாவு விழுந்த நாளில் காமெடி கிடையாது. நான் செய்தியை அடித்துக்கொண்டிருக்கும்போது என் புத்தியில் ஒரு எண்ணம் உதித்தது. அடியில் சேர்த்தேன்: 'அன்னார் விரும்பிப் பார்த்த காட்சி இன்று மாலை 4 மணிக்கு அஞ்சலியாக ஒளிபரப்பாகும்.' மாணிக்கம் அண்ணன் பார்த்துவிட்டு, சாவுக்குக் காமெடியா என்று தயங்கினார். அவருக்குப் பிடித்தது அண்ணே என்றேன். டில்லிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

மூன்றே முக்காலுக்குக் கேசட்டைத் தயாராக வைத்து, டில்லியிடம் விட்டுவிட்டு, மாலை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சுவருக்குச் சுவர் ஒட்டின வீடுகள். ஐஸ் பெட்டியில் சூசைராஜ், தலைமாட்டில் சிலுவை, மெழுகுவர்த்தி. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி அக்கா பெட்டியின் மேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கல்லறை வண்டிக்காகக் காத்திருந்தார்கள். சாவுத் தெருவில் யாரும் டிவி போடமாட்டார்கள். அன்று மரியாதைக்காகப் போட்டார்கள். சரியாக நாலு மணிக்கு இந்தப் பக்கத்து வீடு, அந்தப் பக்கத்து வீடு, எதிர்வீடு, எல்லாவற்றிலும் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். ஜெபமாலைகூட நின்றுவிட்டது. சம்பளம் எவ்வளவு தம்பி என்கிற பெரியவரின் குரல் நாலு திசையிலிருந்தும் வந்தது.

அக்கா தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அன்னம்மா கட்டிப்பிடித்துக்கொண்டார். சொந்த வீடுதானா என்ற அடுத்த கேள்வி வந்தது. அக்கா முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். அன்னம்மா அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். எல்லோரும் பார்த்தோம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தப் பார்க்கிறார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் அது சிரிப்புதான்.

அன்னம்மா கையை எடுத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், கத்தவில்லை. "என் தம்பி இத்த ஒருநாளுகூட பாக்கல. அந்த டிவிப் பொட்டியப் போட்டாலே மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்குவான். இவதான் குந்திகினு பாப்பா."

வரதராஜன் சாரும் வந்திருந்தார். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் மாலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. புருஷன் பிணத்துக்கு முன்னால் சிரித்தவள் என்ற பேச்சு காசிமேடு வரைக்கும் போனது. ஒரு வருஷமாகப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த ஜனங்களுக்கு, ஏமாந்துவிட்டோம் என்கிற ஆத்திரம். யாருக்காகப்பா விட்டுக்கொடுத்தோம் என்று வரதராஜன் சார் போனில் கேட்டார். அக்காவிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள் வேறு கூடைக்காரியைக் கூப்பிட்டன. சிறுபிள்ளைகள் நாற்காலி என்று கத்திவிட்டு ஓடின. நல்ல ஜனங்கள்தான். வெள்ளைக் கோட்டைப் பொறுத்துக்கொண்ட அதே ஜனங்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் அக்கா கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். மாடிப்படியில் கூடையை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். கூடையில் பாதிக்குமேல் மீன் மிச்சமிருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் அக்கா என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே இருந்த மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதில் ஓடும் என்று கேட்டார். இந்த டெக்கில்தான் என்று காட்டினேன். பிறகு கேட்டார்:

"எம்பேரப் போட்டுக் கேட்டிருந்தா, நீ போட்டுருப்பியா நைனா?"

போட்டிருப்பேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். புருஷன் படுக்கையில் கிடக்க, மீன்காரி தினமும் காமெடி கேட்கிறாள் என்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். டில்லியிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இப்போது போடட்டுமா அக்கா, உங்கள் பேரிலேயே போடுகிறேன் என்று கேசட்டை எடுத்தேன்.

"வோணாம்பா. இப்போ அத்த நென்ச்சா அந்த ஐஸ் பொட்டிதான் கண்ணுல வருது" என்றார். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். கேட் மூடியிருந்தது, சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டி முழுக்கப் போகும்வரை கூடையோடு அங்கேயே நின்றார்.

கொஞ்ச நாளில் எண்ணூர் பக்கம் குடிபோய்விட்டார். நான் நாலு மணி காமெடியைத் தொடர்ந்து நடத்தினேன். ஆனால் அடி விழுந்தாலும் பேச்சு ஓடினாலும் மாடிக்கு வருகிற சிரிப்புச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்காமல் போனது. கதவைச் சாத்திக்கொள்வேன். பிறகு செட்டாப் பெட்டி வந்தது. பெரிய சேனல்காரர்கள் இருபத்துநாலு மணி நேரமும் காமெடி போட்டார்கள். எட்டாம் நம்பரைக் கேட்க ஆளில்லை. மாணிக்கம் அண்ணன் டிஷ்களைக் காயலான் கடைக்குப் போட்டார். கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. நாற்காலி கேசட்டை மட்டும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். டேப் அறுந்து கையோடு வந்துவிட்டது. ரயில்வே கேட்டும் இப்போது அந்த மாதிரி இல்லை, அத்தோ கடைக்காரரும் போய்ச்சேர்ந்துவிட்டார்.

டில்லி இப்போது எண்ணூர் பக்கம் இன்டர்நெட் ஒயர் இழுக்கிறான். அவன்தான் ஒருநாள் சொன்னான், ஜெயசீலி அக்கா செத்துப்போய் ஆறு மாசம் ஆகிறது என்று. நடுவில் ஒருதடவை அவர் வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுக்கப் போனானாம். வீட்டில் டிவியே இல்லையாம். இலவசமாகத் தருகிறேன் என்றும் வேண்டாம் என்று விட்டாராம். சாவு யாருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டது என்றான். தெரிவிக்கத்தான் சேனல் இல்லையே.

மெட்ரோவில் அந்த அம்மாளைப் பார்த்த அன்று, போனில் நாற்காலி சீனைத் தேடினேன். இரண்டு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. புள்ளியில்லாமல், கோடில்லாமல், பளிச்சென்று இருந்தது. பார்க்க யார் பெயரையும் கொடுக்க வேண்டியதில்லை. ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. எனக்கு வேறு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு வருஷத்தில் சூசைராஜின் பெயரை நான் முந்நூறு தடவைக்கு மேல் அடித்திருப்பேன். சாவுச் செய்தியில்கூட 'இப்படிக்கு, மனைவி மற்றும் உறவினர்கள்' என்றுதான் அடித்தேன். ஜெயசீலி என்ற பெயரை அந்தக் கம்ப்யூட்டரில் நான் ஒருதடவைகூட அடிக்கவில்லை.